தட்டிப் பார்த்த லேப்டாப்

எங்கள் வீட்டில் போன் அடித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஏதோ அவசர வேலை இருப்பதுபோல ஷெட்டுக்குள் நுழைந்து, காய்ந்துகொண்டிருக்கும் பீங்கான் கட்டைகளைப் புரட்டிப் போடுவேன். என் மனைவிதான் எடுத்துப் பேசுவாள். பேசி முடித்துவிட்டு ஷெட் வாசலில் வந்து நிற்பாள்.

“போனு கடிக்காதுங்க. ஒரு நாளைக்கி எடுத்துத்தான் பாருங்களேன்.”

சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். முன்பின் தெரியாதவரிடம் பேச வேண்டும் என்றால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பத்தாவது முடித்துவிட்டு விருத்தாசலத்தில் பீங்கான் வேலையில் சேர்ந்ததற்கே அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மண்ணோடும் அச்சோடும் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை.

பல வருடம் வேறு இடங்களில் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டுச் சொந்தமாகத் தொடங்கினோம். செய்தது பீஸ் கட்டை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே, பீஸ் போனால் கழற்றிக் கம்பி சுற்றுவோமே, அதுதான். பீங்கான் மாவைக் கை பிரஸ்ஸில் வைத்து அழுத்துவது அவள். விளிம்பைச் சீவி, காயவைத்து, பளபளப்புக்குக் கிளேஸ் கரைசலில் முக்கி, வண்டியில் ஏற்றிப் பொதுச் சூளைக்குக் கொண்டுபோவது நான். வெந்து வந்ததைத் தரம் பிரிப்பது மறுபடியும் அவள். கைக்கு ஒன்றாக இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். கணீரென்று கேட்டால் முதல் தரம். டொக் என்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், அது கழிவு. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கதை பேசிக்கொண்டே தட்டுவாள். காது மட்டும் தனியாக வேலை செய்யும். அவள் தள்ளிய கட்டையை எடுத்து உடைத்துப் பார்த்தால் விரிசல் இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் ஹூப்ளியில் ஒரு கடைக்காரருக்குப் போனது. அவருக்குத் தமிழ் தெரியாது. போனில் அவர் என்ன சொன்னாலும் என் மனைவி “எஸ் சார், ஓகே சார்” என்பாள். எதற்கு எஸ் சொன்னாள் என்பது சரக்கு போய்ச் சேர்ந்து, அவர் மறுபடி கூப்பிட்டுச் சத்தம் போடும்போதுதான் தெரியும். ஒருநாள் அவரே அலுத்துப்போய், இனிமேல் மெயிலில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. நடத்தியது ஒரு பெண். முதல் மெயிலை நான் எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பத்தாவது வரை படித்த இங்கிலீஷ்தான். சரக்கு திங்கள்கிழமை புறப்படும், இத்தனை பெட்டி, லாரி பெயர் இன்னது. ஆனால் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, அதில் திக்கல் இல்லை, தலை குனிந்து நிற்பது இல்லை. ஒரு முதலாளி எழுதியது போலவே இருந்தது.

அந்தத் தைரியத்தில் மூன்றாவது மெயிலில் விலையை ஏற்றிக் கேட்டேன். பல வருடமாக ஒரே விலை. போனில் கேட்கச் சொல்லி அவள் எத்தனையோ தடவை சொல்லியும் நான் கேட்காத விலை. இரண்டு நாள் கழித்துப் போய்த் திறந்தால், சரி என்று ஒரே வரியில் பதில். அதை நான்கு தடவை படித்திருப்பேன்.

“என்னாண்ணே, சிரிச்சிக்கினே இருக்கீங்க? லவ் லெட்டரா?” என்றாள் அந்தப் பெண், பின்னாலிருந்து.

அங்கிருந்த எல்லோரும் திரும்பினார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்குத்தான் காது சுட்டது. அதற்குப் பிறகு பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அந்தப் பத்து நாளில் ஹூப்ளியிலிருந்து இரண்டு மெயில் வந்திருந்தது. பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டாவதில் எழுதியிருந்தார்.

வீட்டிலேயே ஒன்று வேண்டும் என்று அப்போது முடிவானது. மேசைக் கம்ப்யூட்டர் சரிப்படாது. எங்கள் வீட்டில் எதன் மேல் விரல் வைத்தாலும் வெள்ளையாக மாவு ஒட்டும். லேப்டாப் என்றால் மூடி பீரோவுக்குள் வைத்துவிடலாம்.

கடலூர் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கண்ணாடிக்குள் இரண்டு லேப்டாப் வைத்திருந்தார்கள். ஒன்று கறுப்பு பிளாஸ்டிக். இன்னொன்று முழுக்க வெள்ளிநிற உலோகம். நெய்வேலிக்காரர் ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டுக் கடைசியில் வாங்க வராமல் போனதால் அது அங்கே தங்கிவிட்டதாம். விரலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மூடியைத் திறந்தால் சத்தமே வராது. விலை, கறுப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

நான் அங்கே முதல் தடவை போனபோதே கடைக்காரர் நேராகச் சொல்லிவிட்டார். “உள்ள இருக்கறது ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதாண்ணே. பாடிதான் வேற. மெயில் பாக்க, கணக்கு எழுத, தெனப்படி வேலைக்கி இந்தக் கறுப்பே தாராளம்.”

நான் தலையாட்டினேன். கண் மட்டும் வெள்ளியிடம் இருந்தது.

ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் தொழிலில் முதல் தரம் எல்லாம் லாரியில் ஏறிப் போய்விடும். ஊரில் தங்குவது இரண்டாம் தரம். எங்கள் வீட்டு டீ கப்பின் மேல்பூச்சில் ஊசிப் பொத்தல் இருக்கும். தட்டைத் தரையில் வைத்தால் ஒரு பக்கம் ஆடும். சாமி படத்துக்கு முன்னால் வைத்த விளக்குகூட மூக்கு கோணியது, சூளையில் வேலை பார்த்தவர் சும்மா கொடுத்தது. அதில் குறை ஒன்றும் இல்லை, டீ ஒழுகாது. ஆனால் எனக்கு நாற்பத்தாறு வயது. முதல் தரமான ஒரு பொருளை என் கையால் வாங்கி, என் வீட்டில் வைத்துத் தினமும் தொட்டுப் பார்த்ததில்லை. அந்த ஆசை அப்போதுதான் எழுந்தது. எழுந்தது அடங்கவில்லை.

கையில் இருந்தது சீட்டுப் பணம். மாதாமாதம் கட்டியது என் மனைவி. அதற்கு ஏற்கெனவே வேலை வைத்திருந்தோம். தொழிற்பேட்டையில் ஒருவர் தன் பழைய மோட்டார் பிரஸ்ஸை விற்க இருந்தார். மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். கை பிரஸ்ஸில் ஒவ்வொரு கட்டைக்கும் மேலே இருக்கும் இரும்புச் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றி இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை. அவளுடைய வலது தோள் போய்விட்டது. கையை மேலே தூக்க முடியாமல், இடது கையாலேயே தலை வாரி, கொண்டையை ஒரு பக்கமாக முடிந்துகொண்டு இருந்தாள். தைலத்தின் வாசனை மாவு வாசனையோடு கலந்து எந்நேரமும் வீட்டில் இருந்தது. கறுப்பு லேப்டாப் வாங்கினால் மிச்சத்தில் பிரஸ்ஸும் வந்துவிடும். வெள்ளி வாங்கினால் பிரஸ் இல்லை. அடுத்த சீட்டு எடுக்கும்வரை அவள் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கணக்கு இவ்வளவுதான். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்று எனக்கே தெரியும்.

தெரிந்தும் மூன்று வாரம் அலைந்தேன். சூளைக்குப் போகிற வழி வேறு. நான் சைக்கிளைக் கடலூர் ரோட்டில் விட்டேன். எதிர்ப்பக்கம் சேத்தியாத்தோப்பு பஸ் நிற்குமிடத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நின்று பார்த்தேன். ஒரு நாள் கண்டக்டர், “ஏறு பெரியவரே, ஏறு” என்று சத்தம் போட, மறுக்கத் தெரியாமல் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன். என் சைக்கிள் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு எதிரிலேயே கிடந்தது. கிளேஸில் முக்க வேண்டிய கட்டைகளை முக்காமல் அடுக்கினேன். சாப்பாட்டில் உப்பில்லை என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது.

“கறுப்பு வாங்கறதுக்கு என்னாத்துக்கு இத்தினி நாளு?” என்றாள். “பொண்ணு பாக்கப் போனப்பகூட நீங்க இவ்ளோ யோசிக்கல. எங்க ஊரு கருவேப்பிலங்குறிச்சிக்கி வந்து குனிஞ்ச தல நிமிராம பஜ்ஜிய தின்னுட்டு, சரின்னுட்டுப் போனீங்க.”

“வெள்ளியும் நல்லா இருக்குது” என்றேன்.

“தெனமும் பொழங்கற சாமானுக்கு எதுக்குங்க வெள்ளி? கல்யாணமா காட்சியா? வாங்க, நானே வரன். போயி வாங்கிட்டு வந்துருவோம்.”

மறுநாள் மத்தியானம் இருவரும் போனோம். கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். கடைக்காரர் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்து காட்டினார். திரை, பட்டன், பேட்டரி என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் உம் கொட்டினாள். திடீரென்று கையை நீட்டிக் கறுப்பின் மூடியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

டொக், டொக்.

அவள் முகம் மாறியது. காதை இன்னும் கிட்டே கொண்டுபோய் மூலையில் ஒரு தட்டு. டொக். பிறகு வெள்ளியைத் தட்டினாள். அது உலோகம், மணி மாதிரி இல்லை என்றாலும் ஒரு சுத்தமான சத்தம் வந்தது.

“யக்கா, இது தேங்கா இல்லக்கா” என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவள் அசரவில்லை. “தேங்காயவே தட்டாம வாங்க மாட்டம். இவ்ளோ வெல குடுக்கறது தட்டாம வாங்குவமா?” என்றவள், என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். “ஏங்க, கறுப்பு வாணாம். உள்ள விரிசல் விட்டிருக்குது. சத்தத்த கேட்டீங்கல்ல? ஆறு மாசம் தாங்காது.”

பிளாஸ்டிக் அப்படித்தான் சத்தம் போடும். அது விரிசல் இல்லை. சோப்பு டப்பாவைத் தட்டினாலும் அதே சத்தம்தான். எனக்குத் தெரியும். உள்ளே இரண்டும் ஒன்று என்று கடைக்காரர் சொன்னதும் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுற்றிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், கூச்சத்தில் வாய் வரவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை.

அவள் கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றாள். வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சரி, ரெண்டு தடவ வாங்கறதுக்கு ஒரே தடவயா நல்லதா வாங்கிருவோம். பிரஸ்ஸு எங்க போயிருது? அடுத்த சீட்டுல பாத்துக்கலாம். அந்த வெள்ளிக்கே அட்வான்ஸ குடுங்க.”

நான் கொடுத்தேன். மிச்சத்தைச் சனிக்கிழமை கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வெளியே வந்ததும் அவள், “பிரஸ்காரருகிட்ட இன்னைக்கே சொல்லிரணும், பாவம், நமக்காக வச்சிக்கினு இருக்காரு” என்றாள். வழியெல்லாம் வேறு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். நான் ஆசைப்பட்டது போலவே நடந்திருக்கிறது. சந்தோஷம் வர வேண்டும். ரசீது பையில் இருந்த இடம் அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. அடுக்கிய பெட்டியை மறுபடி அடுக்கினேன். சைக்கிளுக்குக் காற்று அடித்தேன், காற்று இருக்கும்போதே. “என்னா, பூன குட்டி போட எடம் தேடற மாதிரி சுத்தறீங்க?” என்றாள். பிரஸ்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பி, பேட்டை வாசல்வரை போய்விட்டுச் சொல்லாமலே திரும்பினேன்.

மறுநாள் காலை சூளையிலிருந்து வந்த கட்டைகளைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“அந்தக் கறுப்பு விரிசல் விடல” என்றேன்.

“எது?”

“லேப்டாப்பு. பிளாஸ்டிக்குக்கு சத்தமே அப்படித்தான். ஒடைஞ்சது இல்ல. உள்ள ரெண்டும் ஒண்ணுதான்னு கடைக்காரரு மொதல்லயே சொல்லிட்டாரு.”

இரண்டு கைகளிலும் கட்டையோடு அப்படியே நிறுத்தினாள். “மொதல்லன்னா எப்ப?”

“மூணு வாரமாச்சி.”

கட்டைகளைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

“அப்ப அத்தன பேரு முன்னால நா தட்டிக்கினு நிக்கறன். அது தப்புன்னு தெரிஞ்சிதான் பாத்துக்கினு நின்னீங்களா?”

“ம்.”

“ஊருல ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டாரு, கூச்சம், சரி. பொண்டாட்டிகிட்டயும் கூச்சமா? வெள்ளிதான் வேணும், பிரஸ்ஸு அப்பறம் பாக்கலாம்னு சொல்லியிருந்தா நா என்னா அடிச்சா இருப்பன்? சண்ட போட்டிருப்பன். போட்டுட்டு வாங்கியும் குடுத்திருப்பன்.”

அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

“நா போயி மாத்திட்டு வந்துடறன்” என்றேன். “நீயும் வா.”

“நா வரல. தேங்கா தட்டற பொம்பள வந்துட்டான்னு சிரிக்கறதுக்கா? ரசீது ஒங்க பையிலதான இருக்குது. நீங்களே போயி பேசிட்டு வாங்க.”

போவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஐயா, நேற்று அட்வான்ஸ் கொடுத்த வெள்ளிநிற லேப்டாப்புக்குப் பதிலாகக் கறுப்பு நிறம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். கடையில் போய் ஒன்றும் பேசாமல் நீட்டினேன். கடைக்காரர் ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தாளை வாங்கிப் பார்க்காமலே மேசையில் வைத்தார். போன் முடிந்ததும் யாரோ பில் கேட்டார்கள். என் தாளின் பின்பக்கத்திலேயே கூட்டல் போட்டு, கிழித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிறகுதான் என்னைப் பார்த்தார். “சொல்லுங்கண்ணே. சனிக்கிழமன்னீங்க?”

தாள் போய்விட்டது. கண்ணாடிக்குள் வெள்ளி மூடியபடி இருந்தது, மேலே ‘விற்றது’ என்று ஒரு சீட்டு ஒட்டி.

“எங்க வூட்ல அவங்களுக்குத் தோளு வலிங்க” என்றேன்.

அதுதான் முதலில் வந்தது.

அவர் புரியாமல் பார்த்தார். “சரிங்கண்ணே. அதுக்கு?”

அதற்குப் பிறகு நான் பேசியது எனக்கே முழுதாக நினைவில்லை. பிரஸ், சக்கரம், சீட்டு, ஹூப்ளி, சத்தம் எல்லாம் முன்பின்னாக வந்து விழுந்தது. நடுவில் யாரோ கடைக்குள் வந்தார்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று நிறுத்தாமல் பேசினேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, “நேத்தே சொல்லியிருக்கலாம்லண்ணே, காலைல ஒருத்தரு கேட்டு இல்லன்னு அனுப்பிட்டன்” என்றார். பிறகு ‘விற்றது’ சீட்டைக் கிழித்தார். மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு கறுப்பைப் பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மோட்டார் பிரஸ் அந்த வாரமே வந்து இறங்கியது. மேற்கு மூலையில் வைத்தோம். பொத்தானை அமுக்கினால் தானாக இறங்கி ஏறும். முதல் இரண்டு நாள் அவளுடைய வலது கை இல்லாத சக்கரத்தைத் தேடி மேலே போய்ப் போய் வந்தது. வலி உடனே போய்விடவில்லை. வைத்தியரிடம் தனியாகப் போக வேண்டியிருந்தது.

என்னோடு அவள் சரியாகப் பேச ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. சாப்பாடு போட்டாள், போன் எடுத்தாள். கிண்டல் மட்டும் நின்றுபோயிருந்தது. கிண்டல் இல்லாத வீடு எனக்குப் பழக்கமில்லை.

ஒரு நாள் பகலில் கரண்ட் போனது. அந்த வருடங்களில் தினமும் போகும். கை பிரஸ் இருந்தவரை கரண்ட் போனாலும் அவளுக்கு வேலை நிற்காது. இப்போது மோட்டார் பாதியில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே நான் தரையில் உட்கார்ந்து தட்டச்சுச் செய்துகொண்டிருந்த இடத்துக்கு வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். பகல் நேரத்தில் அவள் காலை நீட்டி நான் பார்த்ததில்லை.

“என்னா எழுதறீங்க?”

“ஹூப்ளிக்குத்தான். சரக்கு ரெண்டு நாளு தாமசம் ஆவும்னு.”

“படிங்க.”

இங்கிலீஷில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, “கெஞ்சற மாதிரி இருக்குது. தாமசம் ஆவும், அவ்ளோதான். மன்னிப்பு எதுக்கு மூணு எடத்துல? ஒண்ணு போதும்” என்றாள். இரண்டை அழித்தேன். மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“ம். இப்ப சரி. ஏங்க, நெசத்த சொல்லுங்க. அந்த வெள்ளி இன்னும் மனசுல இருக்குதா?”

இல்லை என்று வாய்வரை வந்தது.

“இருக்குது” என்றேன்.

“இருக்கட்டும்” என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். “கரண்ட்டு வந்தா எழுப்புங்க.”